கார்பொனாரா உச்சியில் றோசமலர்

1996ஆம் ஆண்டு மாசி மாதம் நான் றோசமலருக்குப் பதினாலு லட்சம் லீரா கடன். வட்டிக்கு வாங்கியதோ கைமாற்றோ இல்லை, சீட்டுக் காசு. இதை முதலில் எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றிய பெருமையெல்லாம் இதற்குப் பின்னால் வரட்டும்.

கோயில் சபைக்காரர் ஆண்டு மலருக்கு றோசமலரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச்சொன்னார்கள். நல்லாச் சமைப்பா, ஞாயிறு பூசைக்குப் பிந்தமாட்டா, ஆரையும் ஒரு சொல் சொல்லமாட்டா என்று எழுதினால் காணும் என்றார்கள். காணாது. ஒரு பக்கமும் காணாது. பாக்கியநாதன் ஆகிய நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பலெர்மோவுக்கு ஒரு சேட்டோடு வந்து, மூன்று மாடிக்கட்டடங்களின் படியெல்லாம் தனியாகக் கழுவி, கடை போட்டு, இன்றைக்கு எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன். இத்தாலியன் பாஷையைத் தெருவில் நின்றே பிடித்தவன். இந்தக் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆளும் இல்லை. அன்றைக்கு அந்த மலையில் இருந்த மற்ற நாலு பேருக்கும் தமிழ் தெரியாது.

றோசமலர் மன்னார், பேசாலை ஆள். அந்த வருசம் முப்பத்திரண்டு வயது. என்னை விடப் பதின்மூன்று வயது இளமை. லோரா என்கிற பல் வைத்தியரின் வீட்டில் வேலை செய்தா. புருசன் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். எப்படி இல்லாமல் போனார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. மகள் மொனிகாவை இரண்டு வயதில் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவ. பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது. தாயை அதற்குப் படத்தில்தான் தெரியும்.

பத்துப் பேர் சேர்ந்து மாதம் மூன்றரை லட்சம் கட்டுகிற சீட்டு ஒன்றை அவ பிடித்துக்கொண்டிருந்தா. நான் தொடக்கத்திலேயே சீட்டை எடுத்து ஒரு பழைய வான் வாங்கினேன். வான் இரண்டு மாதத்தில் படுத்தது. நானும் சீட்டுக் கட்டாமல் படுத்துக்கொண்டேன். நாலு மாதம். எங்கள் சனத்தில் சீட்டுக்கு எழுத்தும் இல்லை, பொலிசும் இல்லை. ஒருத்தன் கட்டாவிட்டால் சீட்டுப் பிடிக்கிற ஆள்தான் கைக்காசு போட்டுக் கட்டவேணும். அவ லோராவின் வீட்டு நிலத்தைத் துடைத்து வந்த சம்பளத்தில் என்னுடைய நாலு மாதத்தையும் கட்டினா.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் எங்களைப் போலக் கடதாசி இல்லாத ஆட்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கொடுக்கத் தொடங்கியது. வேலை கொடுக்கிறவர் கையெழுத்து வைக்கவேணும், தபால் கந்தோரில் முற்பணம் கட்டவேணும். லோரா கையெழுத்து வைத்தா, காசு வைக்கவில்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் றோசமலருக்குக் கிடைத்த நாள் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்குப் பற்றுச்சீட்டோடு போனால் பெர்மெஸ்ஸோ. பெர்மெஸ்ஸோ வந்தால் மொனிகாவைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் என்னுடைய பதினாலு லட்சம் மட்டும் குறைந்தது.

என்னிடம் காசு இல்லாமல் இல்லை. இருபது லட்சம் இருந்தது. ஆறு பேர் படுக்கிற அறையில் வைக்கமுடியாமல், பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். வுச்சீரியாச் சந்தையில் ஒரு கிழவன் தன்னுடைய கடையை எனக்குத் தர ஒத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே திங்கட்கிழமை காசு வேணும். நான் கடையைத்தான் நினைத்தேன். றோசமலரிடம் திங்கள் பின்னேரம் பார்ப்போம் என்றேன். குவெஸ்தூரா காலமை என்று எனக்குத் தெரியும்.

லோராவின் தமையன் ஃப்ரான்செஸ்கோ ஒரு இஞ்சினியர். அவருடைய கந்தோரையும் நான்தான் கூட்டினேன். ஒவ்வொரு மாசியும் அவரும் தங்கையும் இரண்டு கூட்டாளிகளும் மதோனியே மலையில் ஏறி, கார்பொனாரா உச்சியில் பனிக்குள் கூடாரம் அடித்து ஒரு இரவு படுத்துவிட்டு வருவார்கள். காசு கொடுத்துக் குளிருக்குள் படுக்கிற சனம். அந்த வருசம் சாமான் தூக்க ஒரு ஆள் தேடினார். பனிமலை கடந்து வந்தவன் நான், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன். உண்மையில் நான் இத்தாலிக்கு வந்தது வெங்காய லொறிக்குள். ஆனால் பனிமலைக் கதை ஒன்று என்னிடம் இருந்தது, அதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். சனி போய் ஞாயிறு இரவு வந்தால் றோசமலரின் முகத்தில் முழிக்கத் தேவையில்லை என்பதும் மனதில் இருந்தது.

சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு ஃப்ரான்செஸ்கோவின் கார்க் கதவைத் திறந்தேன். பின் சீற்றில், மடியில் அலுமினியச் சட்டியோடு றோசமலர் இருந்தா.

கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தேன். தானே கேட்டு வாறா, உச்சியில் சுடச்சுடச் சமைத்துத் தருவாவாம் என்று லோரா முன்னாலிருந்து சந்தோசமாகச் சொன்னா.

"ஏறுங்கோ அண்ணை, நேரமாகுது" என்றா றோசமலர்.

கார் ஓடத் தொடங்கியது, கூட்டாளிகள் இரண்டு பேரும் பின்னால் வேறு காரில். இப்போது கேட்பா, இப்போது கேட்பா என்று இருந்தேன். கேட்கவில்லை. வேலை தருகிறவர்களுக்கு முன்னால் எங்களுக்குள் காசுக் கதை கதைப்பது எங்களிடம் பெரிய குறைச்சல். அது தமிழில் என்றாலும்தான். அது தெரிந்து எனக்குத் துணிவு வந்தது. ஃப்ரான்செஸ்கோ பனிமலைக் கதையைக் கேட்க, நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். யூகோஸ்லாவியா எல்லை. பதினொரு பேர். இரவு. ஒருத்தன் பனிக்குள் இருந்துவிட்டான், எழும்பமாட்டேன் என்கிறான், வெக்கையாய் இருக்குது என்று சிரித்துக்கொண்டு கோட்டைக் கழற்றுகிறான். நான் அவனுக்குக் கன்னத்தில் இரண்டு போட்டு, முதுகில் தூக்கி, இத்தாலிக்குள் கொண்டுவந்து இறக்கினேன்.

ஃப்ரான்செஸ்கோ ஸ்டியரிங்கில் கையால் தட்டிப் புகழ்ந்தார். லோரா திரும்பி, நீ பனி பார்த்திருக்கிறாயா என்று றோசமலரைக் கேட்டா. கொஞ்சம் என்று இத்தாலியனில் ஒரே சொல்லில் மறுமொழி வந்தது. யன்னல் பக்கம் திரும்பியபடி கையுறையைப் போட்டா. ஆம்பிளையளின் கறுப்புத் தோல் கையுறை. அவவின் கைக்கு இரண்டு பங்கு பெரிது, பெருவிரல் தைத்திருந்தது. எங்கை குப்பையிலை பொறுக்கினீர் என்று பகிடி விட்டேன். அவ மற்றதையும் போட்டா.

பியானோ பத்தாலியாவில் காரை விட்டுவிட்டு நடந்தோம். இலை இல்லாத மரங்களுக்குள்ளால் ஏற்றம், முழங்கால் அளவு பனி. நான் முப்பது கிலோ தூக்கினேன், இதில் பொய் இல்லை, வெள்ளைக்காரர் இரண்டு பேர் தூக்குவதை. ஆனால் பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குளிரும் என்று காலுக்கு மூன்று சோடி மேஸ் போட்டு, சப்பாத்து இறுகி, காலில் தேங்காய் எண்ணெய் வேறு பூசியிருந்தேன். அரைவழியில் கழற்றிப் பார்த்தால் எண்ணெய் வெள்ளையாய் உறைந்து மெழுகுதிரி மாதிரி ஒட்டியிருந்தது. றோசமலர் ஒரே ஒரு மேஸ், அதற்கு மேல் பொலித்தீன் பை, அதற்கு மேல் சப்பாத்து. ஃப்ரான்செஸ்கோ வைத்த அடியிலேயே தன்னுடைய அடியை வைத்து, ஒருக்காலும் நிற்காமல், ஒருக்காலும் ஓடாமல் வந்தா. வேர்க்க முதல் ஜக்கெற்றின் கழுத்தைத் திறந்தா, நிற்க முதல் பூட்டினா. நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேரப் பின்னேரம் மூன்று மணி. மூன்று கூடாரம் அடித்தோம். லோராவுக்கும் றோசமலருக்கும் ஒன்று, எனக்கும் ஒரு கூட்டாளிக்கும் ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மலைக்கு மேல் மலை. அவர்கள் படம் எடுத்துத் திரிந்தார்கள். எனக்கு யோசனை வேறு. இனி வெள்ளைக்காரர் படுக்கப் போக, இவ என்னைத் தனியே பிடிப்பா, சத்தியம் செய்யச் சொல்லுவா. சீட்டில் ஒருத்தன் கையை விரித்தால் மாதா மேல் சத்தியம் கேட்பதுதான் கடைசி வழி. எனக்குக் கடனுக்குப் பயமில்லை, பொய்ச் சத்தியத்துக்குப் பயம்.

அப்போதுதான் அந்தக் கெட்டித்தனம் வந்தது. எங்கள் ஊரில் ஆமி வருகிறான் என்றால் நகையைப் போத்தலுக்குள் போட்டு வேலிக்கரையில் தாட்டுவிட்டு, மேலே ஒரு ஓட்டுத்துண்டை வைத்துவிட்டு ஓடுவோம். வந்து பார்த்தால் அப்படியே கிடக்கும். நான் கூடாரத்துக்குப் பின்னால் போய், இடுப்பில் இருந்த பையை அவிழ்த்து, முழங்கை ஆழத்துக்குப் பனியைக் கிண்டித் தாட்டேன். மக்கரோனி ஃப்ரான்செஸ்கோவின் சட்டியில் வெந்துகொண்டிருந்தது, அடையாளத்துக்கு மேலே றோசமலரின் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

நினைத்தபடியே நடந்தது. இருட்டி, மக்கரோனி சாப்பிட்டு, அவர்கள் கூடாரத்துக்குள் போனபிறகு, அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த றோசமலர் மெல்லக் கேட்டா.

"அண்ணை, இப்ப உங்களிட்டைக் காசு இருக்கோ?"

"இல்லை."

"மடுமாதா மேலை சொல்லுங்கோ."

"மடுமாதா மேலை, என்ரை உடம்பிலை ஒரு சதம் இல்லை."

அவ அடுப்பை அணைத்து முடித்தா. பிறகு கடைசி மல்லித்தண்ணியை என்னுடைய கோப்பைக்குள் ஊற்றித் தந்துவிட்டுப் போய்ப் படுத்தா. திட்டியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

நடு இரவில் காற்று எழும்பியது. கூடாரத் துணி கிழிகிற மாதிரி அடித்தது. எனக்குக் காசு ஞாபகம் வந்தது. சட்டி பறந்துவிட்டால்? பக்கத்தில் படுத்தவனை எழுப்பாமல் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கையுறை போடவில்லை. ஒரு நிமிசத்து வேலைதானே.

வெளியில் பனி படுக்கையாய்ப் பறந்தது. கூடாரத்துக்குப் பின்னால் போனேன். சட்டி இல்லை. என்னுடைய காலடி இல்லை. எல்லாம் ஒரே வெள்ளைப் பலகை. சட்டியைப் படுக்க முதல் லோரா தேத்தண்ணிக்குப் பனி உருக்க எடுத்துப் போனதும், கொட்டிய பனி மற்றதை மூடியதும் விடியத்தான் தெரியும். நான் முழங்காலில் இருந்து நாய் மாதிரிக் கிண்டினேன். இங்கே இல்லை, கொஞ்சம் அங்காலே, இன்னும் கொஞ்சம் அங்காலே. முதலில் விரல் நொந்தது. பிறகு நோகவில்லை. அது நல்லது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கூடாரம் இல்லை. ஒரு கூடாரமும் இல்லை. ரோச் லைற் வெளிச்சம் என்னுடைய மூக்குக்கு முன்னாலேயே வெள்ளைச் சுவரில் முட்டி நின்றது. கூப்பிட்டேன், காற்று குரலை வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. எந்தப் பக்கம் நடந்தாலும் பள்ளமாய் இருக்கலாம். அப்படியே இருந்துவிட்டேன். கொஞ்சம் இருப்போம் என்று. எவ்வளவு நேரமோ தெரியாது, உடம்பு மெல்லச் சூடாகி வருகிற மாதிரி இருந்தது. ஜக்கெற்றைத் திறக்க வேணும் போல் இருந்தது.

யாரோ என்னுடைய கொலரைப் பின்னால் பிடித்து இழுத்தார்கள். அடுத்த கணம் கன்னத்தில் ஒரு அறை. பிறகு மற்றக் கன்னத்தில்.

றோசமலர்.

ரோச் லைற் வெளிச்சம் கூடாரத் துணியில் பட்டு விலகி, திரும்பி வராததைப் பார்த்து எழும்பி வந்தாவாம், இடுப்பில் கூடாரக் கயிறு கட்டியிருந்தா. அந்தக் கயிற்றை, இரண்டு கை விரிகிற அளவு ஒவ்வொரு பாகமாய்ச் சுருட்டிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு போனா. எண்ணினேன், எட்டுப் பாகம். எட்டுப் பாகத்தில் கூடாரம் இருக்க, நான் சாகிறதுக்கு இருந்திருக்கிறேன்.

தங்களுடைய கூடாரத்துக்குள் என்னைத் தள்ளி, லோராவை எழுப்பினா. லோரா அடுப்பை மூட்ட ஓடிப் பாய, நான் விரல்களை நெருப்பிலே பிடிக்கப் போனேன். றோசமலர் தட்டிவிட்டா. விரல் பத்தும் மெழுகுதிரி நிறம். கிள்ளினாலும் தெரியவில்லை. தேய்க்கவும் விடவில்லை. அதன் பிறகு அவ செய்ததை எழுத எனக்கு இவ்வளவு வருசம் எடுத்தது. தன்னுடைய ஜக்கெற்றைத் திறந்து, என்னுடைய கை இரண்டையும் பிடித்து, சட்டைக்குள்ளால் தன்னுடைய கமக்கட்டுகளுக்குள் வைத்து, கையை இறுக்கி மூடினா. எங்கள் சனத்தில் பிற ஆம்பிளைக்குத் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட விரல் படாமல் நீட்டுகிற பெண் அவ. நான் விறைத்துப்போனேன், குளிரால் இல்லை. கையை இழுக்கப் பார்த்தேன்.

"அசையாதேங்கோ. தங்கச்சி எண்டு நினையுங்கோ. விரல் போனால் பிறகு எதாலை காசு எண்ணுவியள்?"

பகிடியாகத்தான் சொன்னா. பற்கள் கிடுகிடுத்தன, என்னுடைய குளிர் அவவுக்குள் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் விரலுக்குள் ஊசி குத்தத் தொடங்கியது. நான் அழுதேன், நோவுக்கு. நொந்தால் நல்லம், நோகாட்டில்தான் பயப்படவேணும் என்றா. எப்படி உமக்கு இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

அவ என்னுடைய கையை மெல்ல விட்டு, இடது காலின் மேஸைக் கழற்றி, லைற்றுக்கு நேரே காலை நீட்டினா. சின்ன விரலும் அதற்குப் பக்கத்து விரலும் இல்லை. ஆறு வருசம் ஒரே கோயிலில் முழங்காலில் நின்ற சனம் நாங்கள். ஒருத்தருக்கும் தெரியாது.

"அண்ணை, நீங்கள் காரிலை சொன்ன ஆள் எழும்பேல்லை" என்றா. "ஆரும் தூக்கேல்லை. பேசாலை மணல் மாதிரிச் சுடுது எண்டு சிரிச்சுக்கொண்டிருந்தார். நான் அடிச்சுப் பாத்தன், இழுத்துப் பாத்தன். வாறதெண்டால் வா, இல்லாட்டி நில் எண்டு எல்லை கடத்திற ஏஜென்சிக்காரன் நடந்திட்டான். நான் நடந்தன். அவர் யாக்கோபு. என்ரை மனுசன்."

அந்தக் கதையை நான் ரோமில் ஒரு அறையில், பக்கத்துப் பாயில் கிடந்த ஒருத்தனிடம் கேட்டேன். அதை எடுத்து, முடிவை மாற்றி, என்னை நடுவில் வைத்து, கலியாண வீடு, செத்த வீடு எல்லாம் சொல்லித் திரிந்தேன். அவ கோயில் மண்டபத்தில் எத்தனை தரம் அந்தக் கதைக்கிடையில் எனக்குச் சோறு போட்டிருப்பா.

ஏன் காருக்குள் என்னைக் காறித் துப்பவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினீங்களே" என்றா. "கேக்க நல்லாயிருந்தது. உங்கடை கதையிலை எண்டாலும் வந்து சேர்ந்தாரெல்லோ."

பிறகு அந்தப் பெரிய கறுப்புக் கையுறையை எடுத்து, என்னுடைய விரல் ஒவ்வொன்றாய் அதற்குள் விட்டா. என்னுடைய கைக்கு அது அளவாய் இருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை.

விடியக் காற்று நின்றது. கிழக்கே எட்னா எரிமலை புகைந்துகொண்டு நின்றது, அதற்குப் பின்னால் வெளிச்சம். நான் அவவைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் சொன்னேன். உடம்பில் இல்லை என்று சத்தியம் செய்யத்தான் தாட்டேன் என்றதையும் சொன்னேன்.

"மடுமாதாவையே பேய்க்காட்டப் பாத்தனீங்கள்" என்றா.

கூடாரத் தடி ஒன்றை உருவி எடுத்து, பின்பக்கத்தில் தொடங்கி, ஒரு சாண் விட்டு ஒரு சாண், கோடு கோடாய்ப் பனிக்குள் குத்திக்கொண்டு போனா. அவசரப்படவில்லை. அரை மணி நேரத்தில் தடி எதிலோ முட்டியது. நான் இரவு கிண்டின இடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கையால் கிண்டி எடுத்து, பையைத் தட்டி, பிரிக்காமல் என்னிடம் நீட்டினா.

இருபது லட்சம். அவவுக்கு வேண்டியது பதினாலு. எடுத்துக்கொள்ளும், மிச்சத்தையும் எடும் என்றேன். கடையாவது மண்ணாவது என்று அந்த நேரம் மனதார நினைத்தேன்.

"நான் எடுத்தால் களவு" என்றா. "நீங்கள் தந்தால் என்ரை காசு. எண்ணித் தாங்கோ."

கையை நீட்டினா. கையுறை இல்லாத கை, உள்ளங்கை முழுக்க நிலம் கழுவுகிற சோடாவில் ஊறி வெடித்த கோடுகள். ஃப்ரான்செஸ்கோவும் லோராவும் கூட்டாளிகளும் தேத்தண்ணிக் கோப்பையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். யாக்கோபுவின் கையுறையைக் கழற்றித் தோளில் போட்டேன். விரல்கள் வீங்கி, வாழைப்பொத்தி நிறத்தில் இருந்தன, தாளைப் பிரிக்க முடியவில்லை. நாக்கால் தொட்டுத் தொட்டுப் பிரித்தேன். குளிரில் விறைத்த நூறாயிரம் லீராத் தாள்கள். ஒன்று என்று சத்தமாய்ச் சொல்லி முதல் தாளை வைத்தேன். அவவும் என்னோடு சேர்ந்து எண்ணினா. ஏழில் எனக்குப் பிழைத்தது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னா. திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலாவது தாளை அவவின் விரித்த கையில் வைத்தேன்.